பிடித்த பாட்டும் நல்ல பாட்டும்: வடசென்னையில் கேட்கத் தொடங்குபவருக்கு

தொண்ணூறுகளில் தண்டையார்பேட்டையில், கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு வாடிக்கையாளர்கள் வருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பன்னிரண்டு பாட்டு பிடிக்கும், 90 நிமிடம் என்றால் பதினெட்டு. அடிக்கோடிட்ட பாட்டு கட்டாயம் வேண்டும். இடம் போதாவிட்டால் மற்றவற்றில் ஒன்றை விட்டுவிடலாம். கடையில் எழுதாத சட்டம் அது.

ஒரு நாள் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் வந்தார். தாளில் ஒரே ஒரு பாட்டு. "அண்ணா, இரண்டு பக்கமும் இதையே திரும்பத் திரும்பப் பதிந்து கொடுங்கள்" என்றார்.

"இதைவிட நல்ல பாட்டெல்லாம் இருக்கிறதே தம்பி, நடுவில் நாலு சேர்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம் அண்ணா. இது அம்மா பாத்திரம் துலக்கும்போது முணுமுணுத்த பாட்டு. நல்ல பாட்டா என்று நான் யோசித்ததே இல்லை."

அதுவரை எனக்கு ஒன்றாகவே தெரிந்த இரண்டு கேள்விகளை அவர் பிரித்துக் காட்டிவிட்டார். ஒரு பாட்டு எனக்கு ஏன் பிடிக்கிறது என்பது ஒரு கேள்வி. அது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை கேட்பவரின் வாழ்க்கையில் இருக்கிறது, இரண்டாவதற்குப் பாட்டுக்குள் இருக்கிறது. அந்தத் தம்பி சென்ற பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலைக்கோ படிப்புக்கோ வடசென்னைக்கு வந்து, தெருவுக்குத் தெரு வேறு வேறு பாட்டைக் கேட்டுத் திகைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "எனக்கு இசையெல்லாம் தெரியாது" என்று ஒதுங்குபவர்களுக்காகவும்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, கம்பி வைத்த சாதாரண இயர்போன், மூன்று மாத காலம் ஆகியவை போதும்.

முதல் வாரம்: இருபது பாட்டு எழுதுங்கள்

யோசிக்காமல், கைக்கு வந்த வரிசையில், உங்களுக்கு மிகவும் பிடித்த இருபது பாட்டுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று விவரங்கள் வேண்டும்: எங்கே முதலில் கேட்டீர்கள், யாருடன் இருந்தீர்கள், அப்போது வயது என்ன. "அருமை", "உயிர்" போன்ற சொற்கள் இந்த நோட்டில் வேண்டாம்.

எழுதி முடித்ததும் வயதுகளைப் பாருங்கள். பெரும்பாலானவை பன்னிரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் விழும். அந்த வயதில் மனத்தில் பதிந்த நினைவுகள் பிற்காலத்தில் அடர்த்தியாக மேலெழுகின்றன என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். பாட்டுகள் அந்த நினைவுகளோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. பொருள் தெரியாத சொற்களைக்கூட அடிக்கடி பார்த்தால் அவை பிடித்துப்போகின்றன என்று 1968-இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். எதிர்வீட்டு டேப்ரிக்கார்டரில் வருடம் முழுவதும் ஓடிய பாட்டு உங்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இப்படி நினைவின் பலத்தில் நிற்கும் பாட்டுகளுக்கு நோட்டில் ஒரு சிறு வட்டம் போடுங்கள். நான் இவற்றை உறவுப் பாட்டுகள் என்று அழைக்கிறேன். உறவினரைத் தரம் பிரிப்பதில்லை, இல்லையா? இவற்றையும் தரம் பிரிக்க வேண்டாம். அவற்றை வைத்து மற்றவர்களின் பாட்டைத் தாழ்த்தாமல் இருந்தால் போதும். வட்டம் போடாத ஐந்தாறு பாட்டுகள் மிஞ்சும். யாரும் ஊட்டாமல் உங்கள் காது தானாகத் தேர்ந்தவை அவை. உங்கள் ரசனை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு முதல் தடயம் அங்கேதான் கிடைக்கும்.

ஒலி அளவைச் சமன் செய்யுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்க வேண்டாம். ஒரே பாட்டைச் சற்றுக் கூடுதல் சத்தத்தில் போட்டால் அதுவே மேலானது என்று காது சொல்லும். சத்தம் குறையும்போது அடித்தள ஒலிகளை, அதாவது பேஸை, நம் காது கேட்கும் திறன் மற்ற ஒலிகளைவிட வேகமாகக் குறைகிறது என்று பிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இலேயே அளந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு பாட்டுகளை ஒப்பிடும் முன்பு இரண்டும் ஒரே அளவில் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நான் செய்த முதல் தவறு இதுதான்: சத்தமாகப் பதியப்பட்ட பாட்டுகளை நல்ல பதிவு என்று நம்பி, அதை வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் இரைச்சலை மீறுவதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. பயணத்தில் பழைய பாட்டுகளைக் கேளுங்கள். புதிய பாட்டை வீட்டில், தெரு அடங்கிய பிறகு கேளுங்கள்.

ஒரே பாட்டை மூன்று முறை

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. அதிகம் வேண்டாம்.

முதல் முறை எதையும் ஆராயாமல் கேளுங்கள். உடம்பு என்ன செய்தது என்று மட்டும் கவனியுங்கள். கால் ஆடியதா, மூச்சு நின்றதா, நடுவில் மனம் வேறு எங்காவது போனதா, எந்த இடத்தில் போனது?

இரண்டாவது முறை தாளத்தை மட்டும் பிடியுங்கள். வடசென்னையில் தொடங்குபவருக்கு இதற்கு இந்தத் தெருக்களின் பாட்டான கானாவைவிட நல்ல பாடம் கிடையாது. பெரும்பாலான கானாக்கள் ஆறு எண்ணிக்கையில் உருளும். வாசிப்பவர்கள் சிக்ஸ் எய்ட் என்பார்கள், கர்நாடக இசைக்காரர்கள் திஸ்ர நடை என்பார்கள். "தகிட தகிட" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டுங்கள். ஒன்றாவதும் நான்காவதும் கனமாக விழும். கை பழகியதும் டோலக்கின் இரண்டு முகங்களையும் பிரித்துக் கேளுங்கள். ஒரு பக்கம் கும்மென்று அடித்தளம் போடும். மறுபக்கம் படபடவென்று பேசும். அடித்தளம் ஒரு கணம் நின்று திரும்ப விழும் இடத்தில்தான் கூட்டம் எழுந்து ஆடும். நல்ல டோலக்காரர் அந்த நிறுத்தத்தை எல்லா அடியிலும் வைத்து வீணாக்க மாட்டார். பாடகர் ஒரு வரியை முடித்து அடுத்ததை எடுக்கும் தறுவாய்க்காகக் காத்திருப்பார்.

அடுத்து, பாடகர் சொற்களை அந்த ஆறுக்குள் எப்படி அடைக்கிறார் என்று பாருங்கள். வரி நீண்டுவிட்டால் வேகமாக உருட்டிக் கடைசி அடியில் சரியாக இறக்க வேண்டும். வரி குறைந்துவிட்டால் ஓர் உயிரெழுத்தை இழுத்து நிரப்ப வேண்டும். மூச்சு எங்கே வாங்குகிறார் என்று காது வையுங்கள். சொல்லின் நடுவில் மூச்சு உடைந்தால் அது பிழை. ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வாங்கினால் அவர் தன் பாட்டை அறிந்து பாடுகிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது முறை ஒரே ஒரு வாத்தியத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடருங்கள். பேஸ் கிதாராக இருக்கட்டும், ஆர்மோனியமாக இருக்கட்டும், பின்னால் பாடும் கூட்டுக் குரலாக இருக்கட்டும். ஒருமுறை இப்படிக் கேட்டுவிட்டால், பத்து வருடமாகத் தெரிந்த பாட்டுக்குள் தெரியாத அறை ஒன்று திறந்ததுபோல் இருக்கும். நான் இதைத் தொடங்கிய மாதத்தில் என்னுடைய இருபதில் நான்கு பாட்டுகள் எனக்குச் சலித்துப்போயின. ஒதுக்கி வைத்திருந்த மூன்று உள்ளே வந்தன.

நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். "எனக்குப் பிடிக்கிறதா?" என்பதற்கு ஒரு வரி. "நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா, எந்த இடம் அதற்குச் சாட்சி?" என்பதற்கு ஒரு வரி. சாட்சி காட்ட முடியாவிட்டால் இரண்டாவது வரியைக் காலியாக விடுங்கள்.

இந்தப் பாட்டு எதற்காக உண்டானது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால், இதைப் பின்பற்றுங்கள். ஒரு பாட்டைக் குறை சொல்லும் முன்பு, அது எந்த இடத்தில், யார் முன்னால், என்ன வேலை செய்வதற்காக உண்டானது என்று கேளுங்கள்.

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில் எல். ஆர். ஈஸ்வரியின் குரல் கேட்கும். இயர்போனில் கேட்டுவிட்டு "கத்துகிறார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. கூம்பு ஒலிபெருக்கி அடித்தளத்தைத் தராது. நடு ஒலியையும் மேல் ஒலியையும் மட்டும் தொலைதூரம் எறியும். அந்தக் கருவியின் வழியாகத் தெருமுனை வரை சொல் சிதையாமல் போக வேண்டும் என்றால், குரலுக்கு அந்தக் கூர்மையும் மெய்யெழுத்துகளுக்கு அந்த அழுத்தமும் வேண்டும். கூழ்ப் பானைக்கு அருகில் நின்று ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மரண கானாவையும் அப்படித்தான் அணுக வேண்டும். சாவு வீட்டில் விடிய விடிய விழித்திருக்க வேண்டியவர்களுக்காகப் பாடப்படுவது அது. மரண கானா விஜியின் குரலை இணையத்தில் கேட்டிருப்பீர்கள். பதிவில் கேட்பதற்கும், உடல் கிடத்தியிருக்கும் வாசலில் கேட்பதற்கும் இடையே பெரும் தொலைவு இருக்கிறது. வியாசர்பாடியில் எங்கள் கடை வாடிக்கையாளர் ஒருவர் இறந்தபோது போயிருந்தேன். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட வந்தவர் முதலில் பாடவில்லை. ஓரமாக உட்கார்ந்து, வீட்டுக்காரர்களிடம் விசாரித்தார்: என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், யார் பெயர் என்ன, வேலை முடிந்து வரும்போது என்ன வாங்கி வருவார்? அந்த வீட்டு அம்மா, "பக்கோடா பொட்டலம் இல்லாமல் வந்ததே இல்லை" என்றார். இரவு இரண்டு மணி வாக்கில் பாட்டுக்குள் அந்தப் பொட்டலம் வந்தது. எண்ணெய் ஊறிய காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடும் மனிதராக அவர் திரும்ப வந்தார். அந்த அம்மா சிரித்தார். பிறகுதான் அழுதார். அதுவரை அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை என்று பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார்.

குரல் அன்று இரண்டு இடத்தில் சுருதி விலகியது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சரியாகப் பேசவில்லை. அவற்றைக் குறித்துக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டு செய்ய வேண்டிய வேலையை முழுமையாகச் செய்தது. மரண கானாவுக்கு நான் வைத்திருக்கும் சோதனை அன்று கிடைத்ததுதான்: இறந்தவரின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரை வைத்தால் பாட்டு அப்படியே நிற்குமா? நின்றால் அது பாதிப் பாட்டு.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெருவில், வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டில் வாசித்தார். வீணையின் ஒலி சிறியது. கேட்க வந்தவர்கள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று அந்தக் காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். அந்த அறையில் ஒரு சுரம் அடுத்த சுரத்தைத் தொடும் வழுக்கல்தான் நிகழ்ச்சி. அந்த அளவுகோலைக் கொண்டுபோய்ச் சாவு வீட்டில் வைப்பதும், டோலக்கின் அளவுகோலைக் கொண்டுவந்து அந்த அறையில் வைப்பதும் ஒரே தவறு. இரண்டையும் அவற்றின் சொந்தக் கணக்கில் சோதிக்கலாம். இரண்டிலும் தோற்றுப்போகும் பாடகர்கள் உண்டு, இரண்டிலும் உயர்ந்து நிற்பவர்கள் உண்டு.

வேலை மாறினால் பாட்டும் மாறும். தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரைக்குக் கொண்டுபோனபோது இரவு முழுவதும் ஓடிய வடிவம் ஐந்து நிமிடத்துக்குள் வந்தது. பல்லவி திரும்பத் திரும்ப வர வேண்டியிருந்தது. புளியந்தோப்பிலிருந்து வந்த கானா பாலா திரையில் பாடும்போதும் நண்பர்கள் நடுவில் பாடும்போதும் ஒரே மாதிரி பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடை ஏறியபோது கானாவோடு ராப்பும் கிதாரும் சேர்ந்தன, சாதியை நேருக்கு நேர் பேசும் வரிகள் வந்தன. அந்தக் குழுவில் பாடிய ராயபுரத்து இசைவாணி 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆண்களே பெரும்பாலும் பாடிவந்த ஒரு வடிவத்தில் அந்தக் குரல் கேட்டதும், பழைய வரிகளில் பெண்களைப் பற்றி என்னவெல்லாம் சொல்லப்பட்டிருந்தது என்பது என் காதுக்கு முதல் முறையாக உறைத்தது.

ஐந்து பாட்டுகளை வைத்து ஒரு பயிற்சி

கர்நாடக இசை தமக்கு எட்டாதது என்று நினைப்பவர்களுக்கு நம் பகுதியிலேயே ஒரு வாசல் இருக்கிறது. கர்நாடக இசையில் பாடல்கள் இயற்றிய தியாகராஜர் தம் சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பில் திருவொற்றியூருக்கு வந்தபோது வடிவுடையம்மனாகிய திரிபுரசுந்தரியின் மேல் ஐந்து கிருதிகள் பாடினார். திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று பெயர். கல்யாணி, பேகடா, ஆரபி, சாவேரி, சுத்த சாவேரி ஆகியவை ராகங்கள். மொழி தெலுங்கு, சொல் புரியாதது இந்தப் பயிற்சிக்கு நல்லதே.

இவற்றில் கடைசி மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் மேலே ஏறும்போது ச ரி ம ப த ச என்ற அதே படிகளில் ஏறுகின்றன. ஆரபியும் சுத்த சாவேரியும் ஏறும்போது தொடும் சுரங்கள் ஒன்றே. இறங்கும்போது ஆரபி இன்னும் இரண்டு சுரங்களைச் சேர்த்துக்கொள்ளும். சாவேரியில் ரியும் தவும் ஒரு படி தாழ்ந்து, அசைந்து அசைந்து வரும். அந்தச் சிறு தாழ்வில் பாட்டின் முகமே மாறிப்போகிறது: ஆரபி நிமிர்ந்து நடக்கும், சாவேரி தொண்டை அடைத்துப் பேசும். மூன்றையும் ஒரே இரவில், ஒரே அளவு ஒலியில் கேளுங்கள். பத்து நாள் கழித்துப் பெயர் பார்க்காமல் கேட்டு எது எதுவென்று சொல்லிப் பாருங்கள். நான் சாவேரியை நான்காவது நாளில் பிடித்தேன். மற்ற இரண்டையும் பிரிக்க ஒரு மாதம் ஆயிற்று.

இன்னொரு செய்தியும் நம் பகுதியைச் சேர்ந்தது. தியாகராஜரைப் போலவே பாடல்கள் இயற்றிய முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் அவருடைய இளமையில் மணலி முதலியாரின் ஆதரவில் இங்கே வாழ்ந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளையரின் பேண்டு வாத்தியத்தை அவர்கள் கேட்டார்கள். தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொற்கள் வைத்து நொட்டுஸ்வரப் பாடல்கள் செய்தார். தம்பி பாலுசுவாமி வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை இன்று பார்ப்பது அரிது. அந்த அண்ணன் தம்பி இருவரும் பேண்டைக் கேட்டு, "இது நம்முடையது அல்ல" என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தால்? வெளியூரிலிருந்து வந்து கானாவைக் கேட்டு முகம் சுளிக்கும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்லுவேன். கானாவிலேயே பிறந்து வளர்ந்து, சபா இசையைக் கேட்டதும் சிரிக்கும் தம்பிகளிடமும் சொல்லுவேன்.

எண்ணிக்கையை மறைத்து வையுங்கள்

யூடியூபில் ஒரு பாட்டைத் திறக்கும் முன்பே எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று கண்ணில் படுகிறது. அந்த எண் காதுக்குள் புகுந்துவிடும். 2006-இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அறிமுகம் இல்லாத 48 பாட்டுகளைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பாட்டுகளை மட்டும், மற்றவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவில் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணையும் சேர்த்துக் காட்டினார்கள். எண்ணைக் கண்ட குழுக்களில், ஒரு குழுவின் முதல் பாட்டு இன்னொரு குழுவில் எங்கோ கீழே கிடந்தது. மிகச் சிறந்தவை அடியோடு தோற்பதும் மிக மோசமானவை முதலிடம் பெறுவதும் அரிதாக இருந்தன. இடையில் இருந்த பெருங்கூட்டத்துக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது.

ஆகவே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். நோட்டில் எழுதிய பிறகு எண்ணைப் பாருங்கள். தானாக அடுத்து ஓடும் பாட்டுகளையும் நிறுத்தி வையுங்கள்; நேற்றுப் பிடித்ததைப் போன்ற ஒன்றையே அது இன்றும் தரும்.

மோசம் என்று எப்போது சொல்லலாம்?

சொல்லலாம். "எல்லாம் அவரவர் விருப்பம்" என்று முடித்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. அப்படிச் சொன்னால் இரவெல்லாம் உழைத்து ஒரு வரியைச் செதுக்கியவருக்கும், பத்து நிமிடத்தில் ஒட்டுப்போட்டவருக்கும் ஒரே கூலி கொடுக்கிறோம்.

எனக்குச் சில சோதனைகள் உண்டு. வரியைச் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். தமிழில் குறில் இருக்கும் இடத்தில் மெட்டு நெடிலாக இழுத்துப் பொருளையே கெடுக்கிறதா? நடுவில் ஒரு சரணத்தை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகுமா? தாளம் இயந்திரத்தில் நான்கு அடி செய்து, அதையே கடைசி வரை நகல் எடுத்து ஒட்டியதா? 1997-இல் வந்த ஆட்டோ ட்யூன் மென்பொருளை வேண்டுமென்றே ஒரு நிறமாகப் பயன்படுத்துபவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் குரலின் வழுக்கல்களை எல்லாம் அது நேராக வெட்டிவிட்ட பிறகு, சோகப் பாட்டில் சோகம் எங்கே தங்கும்? அனுபவிக்காத துக்கத்தைப் பெரிய வாத்தியக் கூட்டத்தால் மூடியிருப்பதையும் இரண்டாவது முறை கேட்கும்போது கண்டுபிடித்துவிடலாம்.

பெண்ணையோ ஒரு சாதியையோ இழிவு செய்யும் வரிகளுக்கு நோட்டில் தனியாக ஒரு இடம் வையுங்கள். தாளம் அற்புதமாக இருக்கும், வரி கூசும். இரண்டையும் எழுதுங்கள். தாளத்துக்காக வரியை மன்னிப்பதும், வரிக்காகத் தாளக்காரரின் கையை இல்லை என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு பாட்டைக் குறைந்தது மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை கேட்காமல் "மோசம்" என்று எழுதக்கூடாது என்பது என் விதி. "நன்றாகச் செய்திருக்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதத் தயங்காதீர்கள். "எனக்கு உயிர், ஆனால் சுமாரான பாட்டு" என்றும் எழுதலாம். இந்த இரண்டு வகை வரிகளும் நோட்டில் சேரத் தொடங்கினால் உங்கள் காது வளர்கிறது.

வெளியே போய்க் கேளுங்கள்

திருவொற்றியூர்த் தியாகராஜசுவாமி கோயிலுக்கு மெட்ரோவில் தேரடி நிலையத்தில் இறங்கி நடந்து போகலாம். மாசிப் பெருவிழா நாட்களில் போனால், சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தைத் திறந்த வெளியில் கேட்கலாம். மேடைக்கு முன் நாற்காலியில் கேட்பதைவிட அந்த வாத்தியத்துக்கு அதுவே பொருத்தம். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பரில் தமிழ் இசைச் சங்கத்தின் இசை விழா நடக்கும். அந்தச் சங்கம் 1943-இல் தொடங்கியது. தமிழ்ப் பாட்டுகளை முழுக் கச்சேரியாகக் கேட்க விரும்புபவருக்கு நம் பக்கத்திலேயே அமைந்த இடம். ஆதி தாளத்தை மட்டும் கற்றுக்கொண்டு போங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. மொத்தம் எட்டு. கச்சேரி முழுவதும் கைக்கு வேலை இருக்கும், தூக்கம் வராது. ராயபுரம், பெரம்பூர்த் தேவாலயங்களில் கூட்டுக் குரல் பாடலைக் கேட்கலாம். அங்கே மேல் குரலை விட்டுவிட்டு, அடியில் போகும் ஆண் குரலைப் பின்தொடருங்கள்.

கானா கேட்கப் போவதற்கு ஒழுங்கு உண்டு. அழைப்பு இல்லாமல் சாவு வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போகாதீர்கள். தெரிந்தவர் வீடு என்றால், முதலில் உடலுக்கு வணக்கம் செலுத்திவிட்டு, காட்டும் இடத்தில் உட்காருங்கள். போனை எடுத்துப் பதிவு செய்ய வேண்டாம். பதிவு செய்ய வீட்டுக்காரரிடமும் பாடுபவரிடமும் அனுமதி வேண்டும். திரைப்பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். பாடி முடித்த பிறகு அவரிடம் பேசலாம். "அண்ணா, அந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். "சூப்பராகப் பாடினீர்கள்" என்பதற்குக் கிடைக்காத பதில் அதற்குக் கிடைக்கும்.

வீட்டில் தகராறு வந்தால்

அப்பாவுக்கு ஒரு பாட்டு, பிள்ளைக்கு ஒரு பாட்டு, ஒரே அறை. "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்ற வாக்கியம் பேச்சை மூடிவிடும். அதற்குப் பதிலாக, "இதில் உங்களுக்கு எந்த இடம் பிடிக்கும் அப்பா? அந்த இடம் வரும்போது சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடம் வரும் வரை இருவரும் ஒன்றாகக் கேட்டாக வேண்டும். அவர் கை காட்டும் இடம் பெரும்பாலும் உங்கள் காதில் படாமல் போன ஏதோ ஒரு வழுக்கலாகவோ, ஒரு வயலின் துண்டாகவோ இருக்கும். பிறகு உங்கள் முறை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது மாதம்

நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து அந்த இருபது பாட்டுகளையும் அதே வரிசையில் திரும்பக் கேளுங்கள். வட்டம் போட்டவற்றைத் தரம் பிரிக்க வேண்டாம்; மற்றவற்றில் நிற்பது எது, கழிவது எது என்று தேதியோடு எழுதுங்கள். பிறகு, இந்த மூன்று மாதத்தில் "மோசம்" என்று எழுதியவற்றில் ஒன்றை எடுத்து, அதை விரும்பும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் மோசம் என்றே தோன்றினால், எந்த இடத்தில் என்று அவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் பதிலை உங்கள் வரிக்குக் கீழே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள்.